12.5ஆல் பெருக்கிப் பாருங்கள்

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களையும் வட்ஸ்அப்பில் வந்த சம்பளத் துண்டுப் படங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். கடைகளிலும் சின்னச் சின்ன நிறுவனங்களிலும் கொப்பியில் சம்பளம் எழுதிய காலம் போய், கணினியில் மென்பொருள் போட்டுவிட்டார்கள். நல்ல விசயம்தான். ஆனால் ஊழியர் சேமலாப நிதிக் கழிவு, அதுதான் நாங்கள் எல்லாரும் ஈ.பி.எப். என்று சொல்வது, பல இடங்களில் பிழையாகப் போய்க்கொண்டிருக்கிறது. கணினி போட்ட கணக்கு பிழைக்காது என்று நம்பி யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் தனியாரிடம் வேலை செய்கிறவருக்கு வயதான காலத்தில் கைக்கு வரும் பெரிய தொகை இது ஒன்றுதான். அதனால் இந்தத் தடவை முழுப் பக்கத்தையும் இதற்கே தருகிறேன்.

அக்கா, யாழ்ப்பாண நகரத்தில் ஒரு புடவைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். 14 பேர் வேலை செய்கிறோம். போன மாதம் முதலாளியின் மருமகன் இந்தியாவிலிருந்து ஒரு சம்பள மென்பொருள் எடுத்துவந்து போட்டுத் தந்தார். 35,000 ரூபா எடுக்கும் பிள்ளைக்கும் ஈ.பி.எப். 1,800 ரூபா கழிகிறது, 62,000 எடுக்கும் அண்ணருக்கும் 1,800தான் கழிகிறது. மென்பொருள் பழுதா?

பழுதில்லை தங்கச்சி, அது அந்த நாட்டுச் சட்டப்படி சரியாகத்தான் வேலை செய்கிறது. இந்தியாவில் ஊழியரின் பங்கு 12 வீதம். அதோடு 15,000 ரூபா என்று ஒரு சம்பள உச்சவரம்பு இருக்கிறது, அதற்கு மேலே எவ்வளவு எடுத்தாலும் 15,000க்கு மட்டும் கணக்குப் போட்டால் போதும் என்று விடலாம். 15,000இல் 12 வீதம் 1,800. உங்கள் கடையில் எல்லாருக்கும் ஒரே தொகை வருவது இதனால்தான்.

எங்கள் சட்டம் வேறு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம். உச்சவரம்பு ஒன்றும் கிடையாது, எடுக்கும் உழைப்பு முழுவதற்கும் போட வேண்டும். இதற்கு மேலே 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, ஈ.ரி.எப். என்போமே அதற்கு, முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். இந்த 3 வீதத்தை ஊழியரின் சம்பளத்தில் கழிக்கவே கூடாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த மென்பொருளில் ஈ.ரி.எப். என்று ஒன்று இருக்கவே இருக்காது, நீங்கள் புதிதாக ஒரு வரி சேர்க்க வேண்டி வரும். சேர்க்கும்போது “கழிவு” என்ற பக்கத்தில் சேர்த்துவிட்டால் பிள்ளைகளின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் 3 வீதம் போய்விடும். “முதலாளியின் பங்களிப்பு” என்ற பக்கத்தில்தான் சேர்க்க வேண்டும்.

மென்பொருளின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் 12 வீதத்தை 8 ஆக்குங்கள், உச்சவரம்பு என்ற கட்டத்தை வெறுமையாக விடுங்கள். பூச்சியம் போட வேண்டாம், சில மென்பொருள் பூச்சியத்தைப் பார்த்தால் கழிவையே பூச்சியமாக்கிவிடும். முதலாளியின் பங்கை அங்கே இரண்டாக உடைத்து 8.33 வீதத்தை ஓய்வூதியத்துக்கு என்று தனியாக வைத்திருப்பார்கள், அதை எடுத்துவிட்டு முழு 12 வீதத்தையும் ஒரே வரியாக்குங்கள். வருமான வரியையும் ஒருக்கா பாருங்கள். அங்கே சேமலாப நிதிக்குக் கட்டியதைக் கழித்துவிட்டு வரி கணக்கிடும் வழி உண்டு, இங்கே ஊழியர் கட்டும் 8 வீதத்தைக் கழிக்காமல் மொத்தச் சம்பளத்தின் மேல்தான் வரி. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 வரை வரி இல்லை என்பதால் உங்கள் கடையில் யாருக்கும் இது இப்போது இடிக்காது. ஆனாலும் அமைப்பைப் பிழையாக விட்டுவைக்கக் கூடாது.

போன மாதக் கணக்கைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு மாதத்துப் பங்களிப்பை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்டினால் போதும். 35,000 எடுக்கும் பிள்ளைக்கு 2,800 கழித்திருக்க வேண்டும், 1,000 குறைவு. 62,000 எடுப்பவருக்கு 4,960, அதில் 3,160 குறைவு. மென்பொருள் பிழைவிட்டதற்காக அந்த அண்ணரிடம் அடுத்த சம்பளத்தில் ஒரேயடியாக 3,160ஐயும் சேர்த்துப் பிடித்தால் அவர் வீட்டில் அந்த மாதம் என்ன செய்வார்கள்? குறைந்த பங்கை முதலாளி போட்டுக் கட்டுவதுதான் நியாயம் என்பது என் கருத்து. நீங்களே முதலாளியிடம் கதைத்துப் பாருங்கள்.

சுன்னாகத்தில் ஒரு இரும்புக்கடையில் வேலை. என் துண்டில் அடிப்படைச் சம்பளம் 38,000, வாழ்க்கைச் செலவுப்படி 5,000, சாப்பாட்டுக் காசு 3,000, ஓ.ரி. (மேலதிக நேர வேலைக்கான காசு) 6,200 என்று இருக்கிறது. ஈ.பி.எப். 3,040 கழிகிறது. இது சரியா? கடையில் கேட்டால் “கொம்பியூட்டர் போட்ட கணக்கு” என்கிறார்கள்.

சரியில்லை தம்பி. எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன், இதை வாசிக்கிற எல்லாரும் தங்கள் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு செய்து பாருங்கள், தொலைபேசியில் இருக்கும் கல்குலேட்டர் போதும்.

துண்டில் ஈ.பி.எப். 8 வீதம் என்று கழித்திருக்கும் தொகையை 12.5ஆல் பெருக்குங்கள். வரும் விடைதான், மென்பொருள் எந்தத் தொகைக்கு மேல் 8 வீதம் போட்டது என்பது. உங்கள் 3,040ஐ 12.5ஆல் பெருக்கினால் 38,000. அதாவது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்திருக்கிறது, மற்ற எதையும் தொடவில்லை. யாரோடும் வாக்குவாதப்பட வேண்டிய தேவையே இல்லை, அந்த எண் தன்பாட்டில் சொல்லிவிடும்.

சட்டத்தில் “உழைப்பு” என்று சொல்லப்படுவது அடிப்படைச் சம்பளம் மட்டுமல்ல. வாழ்க்கைச் செலவுப்படியும் அதைப் போன்ற படிகளும், விடுமுறை நாட்களுக்குக் கொடுக்கும் சம்பளமும், சாப்பாட்டுப்படியும் அதற்குள் வரும். ஓ.ரி. வராது. ஆகவே உங்களுக்கு 38,000, 5,000, 3,000 மூன்றையும் கூட்டி 46,000க்குப் போட வேண்டும். உங்கள் பங்கு 3,680. முதலாளியின் 12 வீதம் 5,520. ஈ.ரி.எப். 1,380. இப்போது போய்க்கொண்டிருப்பது 3,040, 4,560, 1,140. மாதத்துக்கு 1,840 ரூபா உங்கள் பெயரில் குறைவாகச் சேர்கிறது, அதில் 1,200 முதலாளி தர வேண்டியது. ஒரு வருடத்துக்கு 22,080 ரூபா. வட்டியைப் பார்க்காமலே இவ்வளவு.

வேறு சிலருக்கு இது மறுபக்கமாக நடக்கும். 12.5ஆல் பெருக்கும்போது 52,200 வந்தால் ஓ.ரி.யையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். முதலாளிமார் எனக்கு எழுதும் முறைப்பாடு பெரும்பாலும் இதுதான்.

இது எங்கே பிழைக்கிறது என்று கடைக் கணக்குப்பிள்ளைக்குச் சொல்லுங்கள். மென்பொருளில் ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் ஒரு வரி திறந்திருப்பார்கள். அந்த வரியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சின்னச் சதுரக் கட்டம் இருக்கும், “ஈ.பி.எப்.க்கு உட்பட்டது” என்ற கருத்தில் ஏதோ எழுதியிருக்கும். புதிதாக ஒரு படியைச் சேர்க்கும்போது அந்தக் கட்டம் வழமையாக வெறுமையாகத்தான் இருக்கும், நாங்கள்தான் சரி போட வேண்டும். நானே ஒரு இடத்தில் சம்பளம் போட்ட காலத்தில் சாப்பாட்டுப்படி வரிக்குச் சரி போட மறந்து, ஏழு மாதம் கழித்துத்தான் கண்டேன். அந்த ஏழு மாதத்தையும் திருத்திக் கட்டிமுடிக்கும்வரை எனக்கு நித்திரை இல்லை. அதிலிருந்து புதுப் படி ஒன்று சேர்த்தால் அந்த மாதமே ஒரு துண்டை எடுத்து 12.5ஆல் பெருக்கிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

கொடிகாமத்தில் பனம்பொருள் செய்யும் சிறு நிலையம் நடத்துகிறேன். ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி பொதி செய்ய ஆறு பெண்கள் வருகிறார்கள். பொதிக்கு இவ்வளவு என்று எண்ணித்தான் காசு கொடுக்கிறேன். மகன் மென்பொருள் போட்டுத் தந்தான், அதில் எல்லாருக்கும் ஈ.பி.எப். பூச்சியம் என்று வருகிறது. அப்படியென்றால் இவர்களுக்குக் கட்டத் தேவையில்லைத்தானே?

கட்ட வேண்டும் அம்மா. மென்பொருள் பூச்சியம் காட்டுவது “தேவையில்லை” என்று சொல்வதற்காக அல்ல. அது 8 வீதத்தை அடிப்படைச் சம்பளம் என்ற கட்டத்தின் மேல் போடுகிறது, உங்கள் பெண்களுக்கு அந்தக் கட்டத்தில் ஒன்றும் இல்லை, பூச்சியத்தில் 8 வீதம் பூச்சியம். அவ்வளவுதான்.

பொதிக் கணக்கில் வேலை செய்தாலும், நாள் கூலியாக வந்தாலும், கொமிசனுக்கு வேலை செய்தாலும், தற்காலிகமாக வைத்திருந்தாலும், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஈ.பி.எப். உண்டு. ஆறு பேர் என்ன, ஒரே ஒருவர் வேலை செய்தாலும் உண்டு. “நிரந்தரமாக்கிய பிறகுதான்” என்று எங்கள் ஊரில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அது பிழை.

மகனிடம் சொல்லி வருமானப் பக்கத்தில் “பொதிக் கூலி” என்று ஒரு வரி திறந்து, நான் மேலே சொன்ன அந்தக் கட்டத்துக்குச் சரி போடச் சொல்லுங்கள். ஒரு பெண் மாதத்தில் பொதிக்கு 18 ரூபாப்படி 1,900 பொதி கட்டினால் 34,200 ரூபா. அவளிடம் கழிப்பது 2,736, நீங்கள் போடுவது 4,104, ஈ.ரி.எப். 1,026. மாரியில் வேலை குறைந்து 900 பொதிதான் என்றால் 16,200க்குத்தான் கணக்கு, மென்பொருள் தானே பார்த்துக்கொள்ளும். சிலர் வசதிக்காக ஒரு தொகையை அடிப்படைச் சம்பளக் கட்டத்தில் நிரந்தரமாகப் போட்டுவைத்து, எந்த மாதமும் அதற்கே ஈ.பி.எப். கட்டுவார்கள், அப்படிச் செய்யாதீர்கள்.

இதுவரை பதியவே இல்லை என்றால் முதலில் யாழ்ப்பாணத் தொழில் திணைக்களக் கந்தோருக்குப் போய் நிலையத்துக்குத் தொழில்தருநர் இலக்கம் எடுக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு பெண்ணுக்கும் அங்கத்தவர் இலக்கம். பயப்பட வேண்டாம். நீங்களாகப் போய்க் கேட்பது, யாராவது முறைப்பாடு செய்து அவர்கள் உங்களைத் தேடி வருவதிலும் எவ்வளவோ மேல்.

மானிப்பாய் வாசகர் ஒருவர்: போன மாதம் 10,000 ரூபா முற்பணம் எடுத்தேன். இந்த மாதம் அதைக் கழித்தார்கள், சரி. ஆனால் ஈ.பி.எப்.உம் 800 ரூபா குறைந்துவிட்டது. கையில் கூடக் கிடைத்ததால் பேசாமல் இருக்கிறேன்.

பேசாமல் இருக்காதீர்கள். அந்த 800 உங்கள் கைக்கு வந்தது உண்மை, ஆனால் அதோடு முதலாளியின் 1,200உம் ஈ.ரி.எப். 300உம் உங்கள் கணக்குக்குப் போகாமல் நின்றுவிட்டன. 800 கூடக் கிடைத்து 1,500 போயிருக்கிறது.

முற்பணம் என்பது உங்கள் சம்பளத்தை முன்கூட்டியே எடுத்தது. அதைக் கழித்தாலும் உழைத்தது உழைத்ததுதான், ஈ.பி.எப். கணக்குக் குறையக் கூடாது. தீபாவளி முற்பணம், கடன் தவணை, கடையில் சாமான் எடுத்த காசு எல்லாம் இப்படித்தான். மென்பொருளில் இதைக் “கழிவு” என்று போடாமல் தொகைக்கு முன்னால் சய (-) அடையாளம் போட்டு வருமானப் பக்கத்தில் பதிந்துவிட்டார்கள், அதனால்தான் உழைப்பே 10,000 குறைந்ததாக அது எடுத்துக்கொண்டது.

சம்பளமில்லாத லீவு மட்டும் இதற்கு மறுதலை. 45,000 எடுப்பவர் மூன்று நாள் சம்பளமில்லாமல் நின்றால், உங்கள் இடத்தில் 30ஆல் பிரிக்கும் வழக்கம் என்றால் 4,500 குறையும். உழைத்ததே 40,500தான். 8 வீதம் 3,240 கழிக்க வேண்டும். மென்பொருள் முதலில் 45,000க்கு 3,600 போட்டுவிட்டுப் பிறகு லீவைக் கழித்தால் வரிசை பிழை என்று விளங்கிக்கொள்ளலாம். லீவு முதலில், ஈ.பி.எப். நடுவில், முற்பணமும் கடனும் கடைசியில். இந்த ஒழுங்கை ஒரு துண்டில் எழுதி கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடலாம்.

நெல்லியடியிலிருந்து: மாதாந்தப் பங்களிப்புக் கோப்பை மென்பொருளிலிருந்து எடுத்து இணையத்தில் அனுப்புகிறோம். 70 பேரில் 9 பேரின் வரி ஒவ்வொரு மாதமும் திரும்பி வருகிறது. தொகை எல்லாம் சரி. எங்கே பார்க்க வேண்டும்?

தொகை சரியென்றால் ஆள் யார் என்பதில்தான் பிழை. அந்த 9 பேரின் அடையாள அட்டை இலக்கத்தையும் அங்கத்தவர் இலக்கத்தையும் பெயரையும் எடுத்து வைத்துக்கொண்டு இருங்கள்.

முதலில் அடையாள அட்டை. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும், புதியதில் 12 இலக்கம். பழையதைப் புதியதாக மாற்றும்போது முன்னால் 19 போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் முடிந்தது என்று செய்கிறார்கள். எண்ணிப் பாருங்கள், 11 இலக்கம்தான் வரும். பழைய இலக்கத்தின் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது, மிச்சம் நாலு. புதியதில் அந்த நாலுக்கு முன்னால் ஒரு பூச்சியம் சேர வேண்டும். அந்தப் பூச்சியத்தைச் சிலர் கடைசியில் போட்டு 12 ஆக்கிவிடுகிறார்கள், எண்ணிக்கை சரியாக இருப்பதால் மென்பொருள் பேசாமல் ஏற்றுக்கொள்ளும், அங்கே போனபிறகு ஆள் பொருந்தாது. இன்னொன்று, பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. ஒரு பெண்ணின் இலக்கத்தில் நடு மூன்றும் 500க்குக் குறைவாக இருந்தால் அது யாரோ வேறு ஆளின் இலக்கம், அல்லது எழுதியதில் பிழை.

இரண்டாவது எக்ஸெல். மென்பொருள் தந்த கோப்பை இடையில் எக்ஸெலில் திறந்து பார்த்து, “சேமி” என்று கொடுத்தீர்களா? பெரும்பாலும் கொடுத்திருப்பீர்கள். 12 இலக்கம் உள்ள எண்ணை அது 1.98512E+11 என்று சுருக்கிக் காட்டும். காட்டுவதோடு நின்றால் பரவாயில்லை, காற்புள்ளிக் கோப்பாக (CSV) சேமித்தால் அந்தச் சுருக்கத்தையே எழுதிவைக்கும், மிச்ச இலக்கங்கள் போனது போனதுதான், திரும்ப எடுக்க ஏலாது. 000047 என்ற அங்கத்தவர் இலக்கமும் வெறும் 47 ஆகிவிடும். பழைய அட்டை வைத்திருப்பவர்களின் அடையாள அட்டை இலக்கம் தப்பிவிடும், ஏனென்றால் கடைசியில் எழுத்து இருப்பதால் எக்ஸெல் அதை எண்ணாக எடுக்காது. உங்கள் 9 பேரும் புதிய அட்டைக்காரர்கள் என்றால் காரணம் அநேகமாக இதுதான். கோப்பைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும் என்றால் நோட்பேடில் திறவுங்கள். எக்ஸெலில்தான் வேலை என்றால் வெறும் தாளில் அந்த நிரல்களை முதலில் “எழுத்து” வகைக்கு மாற்றிவிட்டு, பிறகு தரவை உள்ளே கொண்டுவாருங்கள்.

மூன்றாவது பெயர், எங்கள் ஆட்களுக்கென்றே உள்ள தொல்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். மென்பொருள் கேட்பதோ குடும்பப் பெயரும் முதலெழுத்துகளும். ஒரு கணக்குப்பிள்ளை தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவார், அடுத்து வருகிறவர் சொந்தப் பெயரைப் போடுவார், ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். கலியாணம் முடித்த பெண்களுக்குக் கணவன் பெயரும் வந்து சேர்ந்தால் மூன்று. அதோடு சிவராசா ஒரு இடத்தில், சிவராஜா இன்னொரு இடத்தில். கேட்டு எழுதாதீர்கள், அட்டையைக் கையில் வாங்கி வைத்துப் பார்த்து எழுதுங்கள். பதிந்தபோது கொடுத்த பெயரும் அட்டையில் உள்ள பெயரும் வேறாக இருந்தால், மென்பொருளில் மட்டும் திருத்திப் பிரயோசனமில்லை, தொழில் திணைக்களத்தில் அங்கத்தவரின் விபரத்தைத் திருத்த வேண்டும். அலைச்சல்தான், ஆனால் அந்த ஆள் வேலையில் இருக்கும்போதே செய்துவிட்டால், ஓய்வுபெற்றபின் சத்தியக்கடதாசியோடு ஏறி இறங்க வேண்டி வராது.

பங்களிப்புப் படிவத்தின் மொத்தமும் சம்பளப் பட்டியலின் மொத்தமும் மாதாமாதம் 3, 4 ரூபா இடிக்கிறது. விட்டுவிடலாமா? (சாவகச்சேரி)

விடாதீர்கள், சின்ன விசயம்தான், ஒரே தரத்தில் தீர்ந்துவிடும். மென்பொருள் ஒவ்வொருவரின் தொகையையும் முழு ரூபாவாக்குகிறது. 31,337க்கு 8 வீதம் 2,506.96, 12 வீதம் 3,760.44, இரண்டும் சேர்ந்து 6,267.40. இரண்டையும் தனித்தனியே முழுதாக்கினால் 6,267. ஒருவருக்கு 40 சதம், 20 பேருக்கு இப்படிக் கூடியும் குறைந்தும் சில ரூபா. முழுதாக்கும் அமைப்பை நிற்பாட்டி ஈ.பி.எப்., ஈ.ரி.எப். இரண்டையும் சதத்தோடு விடுங்கள்.

அக்கா, என் அம்மா ஒரு தனியார் நிறுவனத்தில் 11 வருடம் துப்புரவு வேலை செய்தவர். 50 வயது முடிந்து நின்றுவிட்டார். ஈ.பி.எப். எடுக்கப் போனால் கணக்கில் இரண்டரை வருடக் காசு இல்லை என்கிறார்கள். எல்லா மாதமும் துண்டில் கழித்திருக்கிறார்கள். மென்பொருள் மாற்றிய காலத்தில் நடந்த பிழை என்று நிறுவனத்தில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பிள்ளை, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அம்மாவின் 8 வீதத்தை அவர் உழைத்த காசிலிருந்து எடுத்துவிட்டார்கள், அது எடுத்த அன்றே அவருடையது. மென்பொருள் மாறியது, கணக்குப்பிள்ளை மாறினார் என்பதெல்லாம் நிறுவனத்துக்குள் இருக்கும் கதை. கட்ட வேண்டிய பொறுப்பு முழுக்க அவர்களுடையது.

ஆனாலும் காசு உண்மையில் கட்டப்படவே இல்லையா, அல்லது கட்டி வேறு இடத்தில் கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் வழி வேறு. புது மென்பொருளுக்கு மாறும்போது அங்கத்தவர் இலக்கத்தை அது 1, 2, 3 என்று தானாகப் போட்டுவிடுவது நடக்கிற விசயம். அப்படியென்றால் அம்மாவின் காசு வேறு ஒருவரின் இலக்கத்துக்கு, அல்லது யாருக்கும் பொருந்தாத இலக்கத்துக்குப் போயிருக்கும். குறைகிற இரண்டரை வருடமும் மென்பொருள் மாறிய மாதத்திலேயே தொடங்குகிறதா என்று பாருங்கள். துண்டில் அச்சடித்திருக்கும் அங்கத்தவர் இலக்கம் அந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இலக்கம் மாறியிருந்தால், கட்டிய மாதங்களின் சீ படிவங்களோடு, அதாவது மாதாந்தப் பங்களிப்புப் படிவங்களோடு, திருத்தச் சொல்லி நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இலக்கம் ஒன்றாகவே இருந்து காசு மட்டும் இல்லையென்றால் கழித்துவிட்டுக் கட்டவில்லை. தயங்காமல் தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் உண்டு, 10 நாளுக்குள் 5 வீதம் என்று தொடங்கி, 12 மாதம் தாண்டினால் 50 வீதம் வரை போகும். இதை நிறுவனத்துக்குத் தெரியப்படுத்தினாலே சிலர் கெதியாகக் கட்டிவிடுவார்கள். அவர்கள் “கொஞ்சக் காசு தருகிறோம், கையெழுத்து வையுங்கள்” என்று ஒரு கடதாசி நீட்டினால் அம்மா அதில் கையெழுத்து வைக்கக் கூடாது.

ஈ.ரி.எப்.ஐயும் இதோடு சேர்த்து விசாரியுங்கள், ஈ.பி.எப். போகாத மாதங்களில் அதுவும் போயிருக்காது. அந்த நிறுவனத்தில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால் 11 வருடத்துக்குச் சேவைக்காலப் பணிக்கொடையும் அம்மாவுக்கு உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளப்படி. கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, கேட்டுப் பாருங்கள்.

கந்தோருக்குப் போகமுதல் ஒரு வேலை. நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ள துண்டுகள் பற்றுச்சீட்டு மெசினில் அடித்தவை, அந்தத் தாளில் எழுத்து வெயிலும் சூடும் பட்டு மங்கிப்போகும், சிலதில் ஏற்கனவே தொகை மட்டும்தான் தெரிகிறது, மாதம் தெரியவில்லை. இன்றைக்கே எல்லாவற்றையும் மாத ஒழுங்கில் அடுக்கி, ஒவ்வொன்றையும் போட்டோக்கொப்பி எடுத்து, மங்கிய மாதத்தைக் கொப்பியின் ஓரத்தில் பேனாவால் எழுதுங்கள். துண்டு தொலைந்த மாதங்களுக்கு அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் சம்பளம் விழுந்த பக்கத்தைக் கொப்பி எடுங்கள். மூலத் துண்டுகளை யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், கொப்பியை மட்டும் கொடுங்கள். முறைப்பாட்டைக் கொடுத்ததும் அதன் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.